மொத்த பிலிருபின் 2.6 என்று வந்திருக்கிறது: கோளாறு வயிற்றிலா, கல்லீரலிலா?

கேள்வி: கொருக்குப்பேட்டை அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த ஊழியராக இருந்தவனுக்கு நிரந்தர வேலைக்கான அழைப்பு வந்து, அதற்கான மருத்துவப் பரிசோதனை சென்ற வாரம் நடந்தது. கண், காது, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தன. ரத்தப் பரிசோதனைத் தாளில் மட்டும் டோட்டல் பிலிருபின் 2.6, டைரக்ட் 0.4, இன்டைரக்ட் 2.2 என்று மூன்று எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 26, எஸ்ஜிபிடி 31, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் 78. இவை மூன்றும் அளவுக்குள் இருப்பதாகத் தாளே சொல்கிறது. ஆனாலும் "தற்காலிகமாகத் தகுதியில்லை" என்று எழுதி, மூன்று வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் விளக்கச் சான்று வாங்கி வரும்படி சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு ஓராண்டாகவே வயிற்றில் தொந்தரவு உண்டு. சாப்பிட்டவுடன் வயிறு உப்பிக்கொள்ளும், புளித்த ஏப்பம் வரும், சில நாட்களில் நெஞ்செரிச்சலும் இருக்கும். வாரத்தில் நான்கு நாள் இரவு வேலை என்பதால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் கிடையாது. இதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள்: வயிறு கெட்டதால் பித்தம் கூடி, அந்தப் பித்தம் ரத்தத்தில் கலந்து, காமாலையாக மாறிக்கொண்டிருக்கிறதாம். பெரியம்மா எண்ணெயையும் மீனையும் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான்.

பொருந்துமா என்று தெரியாவிட்டாலும் இன்னும் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் சாப்பிட்டவன், இரவு முழுவதும் வேலை பார்த்துவிட்டு நேரே போய் வரிசையில் நின்றிருக்கிறான். ரத்தம் எடுக்கும்போது மணி பதினொன்று. அதற்கு முந்தைய வாரம்தான் அவனுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு இடத்தில் எடுத்த பரிசோதனையிலும் டோட்டல் 1.8 என்று இருந்ததை இப்போதுதான் கவனித்தோம். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்கும் காய்ச்சல் வந்தால் கண் மஞ்சளாகிவிடும். அதை வைத்தே தெருவில் அவருக்குப் பட்டப்பெயரும் இருந்தது. அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் காலமானார். கல்லீரல் நோய் என்று அவருக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

செரிமானம் கெட்டால் பிலிருபின் கூடுமா, அல்லது பிலிருபின் கூடியிருப்பதால்தான் செரிமானம் கெடுகிறதா? இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாராவது விளங்கும்படி எழுதினால் உதவியாக இருக்கும். மருத்துவரைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அவர் சொல்வது புரிய வேண்டுமானால் எங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில் 1: தண்டையார்பேட்டை லேப்

வணக்கம். நான் மருத்துவர் அல்ல; பத்தொன்பது ஆண்டுகளாக ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைப் பார்த்து வருபவன். ஆகவே நோய் இன்னது என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த மூன்று எண்கள் எப்படி வருகின்றன என்பதைச் சொல்ல முடியும். அது தெரிந்தாலே உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பேச்சில் "பித்தம்" என்பது உடல் சூட்டிலிருந்து தலைச்சுற்றல் வரை எல்லாவற்றுக்கும் பெயர். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் என்பது கண்ணால் காணக்கூடிய திரவம். பிலிருபின் அந்தத் திரவத்தில் கலந்து வெளியேறும் ஒரு கழிவு நிறமி. அது வயிற்றில் பிறப்பதல்ல, ரத்தத்தில் பிறப்பது. சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முடிந்ததும், மண்ணீரல் போன்ற இடங்களில் உடைக்கப்படுகிறது. அதிலுள்ள ஹீம் என்னும் பகுதி முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினாகவும் மாறுகிறது. முழங்காலை இடித்துக்கொண்டால் கன்றிப்போன இடம் முதலில் கருநீலமாகவும், சில நாளில் பச்சையாகவும், பிறகு மஞ்சளாகவும் மாறி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோலுக்கடியில் நடக்கும் அதே வேலைதான் உடலுக்குள் நாள்தோறும் நடக்கிறது. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்கே ஒரு நாளில் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் பிலிருபின் உண்டாகிறது.

இப்படி உண்டான பிலிருபின் தண்ணீரில் கரையாது. ஆகவே ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து, தண்ணீரில் கரையும்படி செய்கிறது. இணைப்பு முடிந்ததுதான் உங்கள் தாளில் உள்ள டைரக்ட்; இணைப்பு முடியாதது இன்டைரக்ட். இந்தப் பெயர்கள் உடலிலிருந்து வந்தவையல்ல, எங்கள் மேசையிலிருந்து வந்தவை. கரையும் வகை, ஊற்றும் வேதிப்பொருளோடு நேரடியாக வினைபுரிந்து நிறம் காட்டும். கரையாத வகை, ஆல்கஹால் போன்ற ஒரு துணைப்பொருளைச் சேர்த்த பிறகே நிறம் காட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இன்டைரக்டை நாங்கள் பொதுவாகத் தனியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து டைரக்டைக் கழித்து எழுதுகிறோம், அவ்வளவுதான்.

இனி செரிமானத்துக்கு வருகிறேன். கல்லீரல் ஒரு நாளில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தப்பையில் தங்கிச் செறிவடைந்து, நாம் கொழுப்புள்ள உணவு சாப்பிட்டதும் பித்தக்குழாய் வழியே சிறுகுடலின் முதற்பகுதிக்கு வந்து சேர்கிறது. எண்ணெயையும் நெய்யையும் நுண்ணிய துளிகளாக உடைத்துச் செரிக்க உதவுபவை பித்தநீரில் உள்ள பித்த உப்புகள். பிலிருபினுக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. சந்தைக்குப் போகும் வண்டியில் ஓரமாக ஏறிக்கொண்ட பயணியைப் போல அதுவும் கூடவே குடலுக்கு வருகிறது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை யூரோபிலினோஜெனாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரிய நொதி எது என்பது 2024ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. அதிலிருந்து வருவதுதான் மலத்தின் பழுப்பு நிறம். ஒரு சிறு பங்கு மீண்டும் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகம் வழியே போய்ச் சிறுநீருக்கு மஞ்சள் நிறம் தருகிறது.

ஆகவே ஏப்பமும் உப்புசமும் பிலிருபினை உண்டாக்குவதில்லை. பித்தநீர் குடலுக்கு வரும் பாதையில் எங்காவது அடைப்பு ஏற்பட்டால்தான் குடல் பக்கத்துக் கோளாறு பிலிருபினைக் கூட்டும். அப்போது கூடுவது டைரக்ட். கூடவே ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் ஏறும். கல்லீரல் செல்களே அழற்சியால் சேதமடைந்தால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறும். வைரஸ் காமாலையில் அவை நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தையும் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பியின் தாளில் இவை இரண்டுமே இல்லை. கூடியிருப்பது பெரும்பாலும் இன்டைரக்ட் மட்டும்.

இன்டைரக்ட் மட்டும் கூடினால் இரண்டு கேள்விகள் எழும். சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட வேகமாக உடைகின்றனவா? அல்லது கல்லீரலின் இணைப்பு வேலை மெதுவாக நடக்கிறதா? முதற்கேள்விக்கு விடை தேட ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) எண்ணிக்கை, செல்கள் உடைந்தால் கூடும் எல்டிஹெச், ரத்தப் பூச்சு (நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தத் துளி) ஆகியவற்றைப் பார்க்கும்படி மருத்துவர் எழுதுவார். சிவப்பணுக்களை எளிதில் உடையச் செய்யும் ஜி6பிடி நொதிக் குறைபாட்டையும் சிலர் பார்ப்பார்கள். அவை எல்லாம் சரியாக இருந்து, பிலிருபின் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் கில்பர்ட் சிண்ட்ரோம் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் பெயர் என்பதால் ழில்பேர் என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்பார்கள். நம் ஆய்வகங்களில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் லெரபூயே என்பவரும் 1901இல் இதை விவரித்தார்கள். இணைப்பு வேலையைச் செய்யும் நொதி பிறப்பிலேயே குறைந்த அளவில் இருப்பதுதான் காரணம். பரம்பரையாக வருவது, நோய் என்று சொல்வதைவிட உடலின் ஓர் இயல்பு என்பதே பொருந்தும். நூறு பேரில் சிலருக்கு இது இருக்கும்; பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பதினேழு மணி நேரம். பட்டினி, தூக்கமின்மை, காய்ச்சல், உடலில் நீர் குறைவது, கடும் உடலுழைப்பு ஆகிய ஒவ்வொன்றும் கில்பர்ட் உள்ளவர்களுக்குப் பிலிருபினை ஏற்றிவிடும். இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டாலே அளவு இரண்டு மூன்று மடங்காவது உண்டு. நன்றாகச் சாப்பிட்டதும் தானே இறங்கிவிடும். உங்கள் தம்பி இவற்றில் நான்கையாவது ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போய் ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறார். எண்ணெயை நிறுத்தி, உணவைக் குறைத்து, அரைவயிற்றோடு அவரை வைத்திருந்தால் அடுத்த பரிசோதனையிலும் எண் இறங்காது என்பதைப் பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும் முன் இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கிவிட்டு, காலை உணவும் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிலிருபின் அளவிடப் பட்டினி கட்டாயமில்லை. இன்னொரு சிறு செய்தி: பிலிருபின் வெளிச்சத்தில் சிதையும். நாங்கள் அந்தக் குழாயைக் கறுப்புத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி வைப்போம். ஜன்னலோரம் வெயிலில் கிடந்த மாதிரியில் எண் குறைவாக வரும். ரத்தம் எடுக்கும்போதே செல்கள் உடைந்துபோன மாதிரியில் எண் நம்பகமாக இருக்காது. ஒரே ஒரு தாளை வைத்து அழவும் வேண்டாம், கூத்தாடவும் வேண்டாம்.

பதில் 2: காசிமேட்டு மகள்

மேலே எழுதிய ஐயா சொன்ன "அடைப்பு" எப்படி இருக்கும் என்பதை என் அம்மாவிடம் நேரில் பார்த்தவள் நான். உங்கள் தம்பிக்கு அது இல்லை என்பது எண்களிலேயே தெரிகிறது. ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வேறு யாராவது வந்து, "சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று மட்டும் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மா முப்பது ஆண்டுகளாக மீன் வியாபாரம் செய்பவர். பெரிய மீனைக் கழுவும்போது வயிற்றுக்குள் இருக்கும் பச்சைநிறச் சிறு பையை உடைக்காமல் எடுக்க வேண்டும், உடைந்துவிட்டால் அந்தத் துண்டே கசந்துவிடும் என்று எனக்குச் சிறு வயதிலேயே கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய பித்தப்பையிலேயே கல் இருந்தது எங்களுக்குத் தெரியாது. பிரியாணியோ வறுவலோ சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுப் பக்கம் பரவும்; அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துச் சமாளித்தார். ஒரு நாள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு ஆரம்பித்தது. இரவெல்லாம் கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில் எனக்கும் தூக்கம் கெட்டுவிடும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று தோல் புண்ணாகிவிட்டது என்று நினைத்தோம். பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறமானது. மலமோ நனைந்த சுண்ணாம்பு போல வெளுத்துப்போய், தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது. இதைச் சொல்வதற்கு அவருக்குக் கூச்சம். சொல்லாமலே பத்து நாள் கடத்திவிட்டார்.

அதன் பிறகும் நாங்கள் மூன்று வாரம் வீணாக்கினோம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒருவர் வேப்பிலையால் மந்திரித்து, தட்டில் இருந்த தண்ணீர் மஞ்சளாக மாறுவதைக் காட்டி, "காமாலை இறங்குகிறது" என்றார். தண்ணீர் மஞ்சளானது உண்மை, நானே பார்த்தேன். அம்மாவின் கண் மட்டும் வெளுக்கவில்லை. கடைசியில் ஒரு மருத்துவமனையில் பார்த்தபோது டோட்டல் 14, டைரக்ட் 11, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் இயல்பைவிட நான்கு மடங்கு. ஸ்கேனில் பித்தக்குழாய் விரிந்து, அதன் அடியில் ஒரு கல் சிக்கியிருப்பது தெரிந்தது.

அங்கிருந்த மருத்துவர் ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். பித்தநீர் குடலுக்குப் போகாததால் மலத்தில் நிறம் இல்லை. தேங்கிய டைரக்ட் பிலிருபின் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் சிறுநீரில் இறங்கி அதைக் கறுக்கச் செய்கிறது. பித்த உப்பு இல்லாமல் கொழுப்பு செரிக்காது; கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேராது. வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறையாது. பல் துலக்கும்போது அம்மாவின் ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆகவே முதலில் வைட்டமின் கே ஊசி போட்டு, ரத்தம் உறையும் நேரம் சரியானதைப் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு இஆர்சிபி முறையில் கல்லை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மலம் பழுப்பாக வந்தபோது அம்மா கழிவறையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படியொரு செய்திக்கு அவ்வளவு மகிழ்ச்சி அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. கண்ணின் மஞ்சள் மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்தே முழுதாக மறைந்தது. டைரக்ட் பிலிருபினில் ஒரு பங்கு ஆல்புமினோடு இறுகப் பிணைந்துவிடுவதால், அந்தப் புரதம் கழியும் வேகத்தில்தான் அதுவும் கழியும் என்றார்கள். பித்தப்பையைப் பிறகு லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் தம்பியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: சிறுநீர் கறுக்கிறதா, மலம் வெளுக்கிறதா, அரிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் நிதானமாக மருத்துவரைப் பார்க்கலாம். கண் மஞ்சளோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், அது குழாயில் சீழ் பிடித்ததாக இருக்கலாம் என்பதால், மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்று எங்களிடம் சொன்னார்கள்.

பதில் 3: ராயபுரம் ஓய்வு ஆசிரியர்

கீழாநெல்லியைப் பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. அதைத் தெய்வ மருந்தாகவோ வெறும் மூடநம்பிக்கையாகவோ பேசுகிறவர்களே அதிகம் என்பதால் எழுதுகிறேன். நான் வேதியியல் கற்பித்தவன். என் வீட்டுக் கொல்லையிலும் அந்தச் செடி முளைக்கிறது.

1988இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அச்சானது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வு ஒரு வைரஸைப் பற்றியது. கல் அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்கும் என்றோ, பிறவியிலேயே குறைந்த நொதியை அது கூட்டும் என்றோ அந்த ஆய்வு சொல்லவே இல்லை. காமாலை என்ற ஒரே பெயரின் கீழ் இத்தனை வேறுபட்ட நிலைகளைப் போட்டு வைத்திருப்பதுதான் நம் குழப்பத்துக்கெல்லாம் காரணம். தானே இறங்கக்கூடிய காமாலை இறங்கும்போது யார் கொடுத்த மருந்து கையில் இருந்ததோ அவருக்குப் பெயர் கிடைக்கிறது. உங்கள் தம்பி குடிப்பதாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். என்ன செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்பதோடு.

நம் பகுதிக்கு வேண்டிய இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். வடசென்னையில் பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே ஓடுகின்றன. அடிகுழாயில் கலங்கலாகவும் நாற்றத்தோடும் தண்ணீர் வரும் நாட்களை நாம் அறிவோம். ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ இரண்டும் அவ்வாறு மலம் கலந்த நீரின் வழியே பரவுபவை. கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளிப்பட இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்பதால், எந்தத் தண்ணீர் என்று நினைவில் தேடுவது பெரும்பாலும் வீண். பசியே இல்லாமல் போவது, குமட்டல், சோற்றின் வாடையே பிடிக்காமல் போவது என்று இந்த வகை முதலில் வயிற்றுக் கோளாறு போலவே தொடங்கும். கண் மஞ்சளாவது அதன் பிறகுதான். காமாலைக்கு நல்லது என்று தெருமுனையில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கிறார்கள். சாற்றில் தவறில்லை, அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதே கேள்வி. கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை வந்தால் வீட்டு வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. பித்தம் குடலுக்கு வராத நிலையில் எண்ணெயைக் குறைப்பதற்குப் பொருள் உண்டு. மற்றபடி உப்பில்லாச் சோறும் மோருமாக ஒருவரை வாரக்கணக்கில் வாட்டுவதால் அவர் மெலிவதைத் தவிர வேறு பலன் இல்லை. மஞ்சள் தூள் சேர்த்தால் கண் மஞ்சளாகும் என்பதும் நிறத்தைப் பார்த்துச் சொன்ன கதை. பப்பாளியும் கேரட்டும் அளவுக்கு மீறித் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் அப்போதும் விழியின் வெண்பகுதி வெள்ளையாகவே இருக்கும்.

பதில் 4: கொருக்குப்பேட்டை அண்ணன் (கேள்வி எழுதியவர்)

மூவருக்கும் நன்றி. நேற்று முன்தினம் குடல், கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். தம்பியைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எப்போதாவது கண் மஞ்சளாகியிருக்கிறதா?" என்பதுதான். இரண்டு நாள் விடுப்பில் தூங்கிவிட்டு, காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் டோட்டல் 1.5, டைரக்ட் 0.3 என்று வந்தது. ஹீமோகுளோபின் 14.6, ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், ரத்தப் பூச்சு எல்லாம் இயல்பு. ஸ்கேனில் பித்தப்பையில் கல் இல்லை, குழாயும் விரியவில்லை. கில்பர்ட் என்றே எழுதி, மருந்து தேவையில்லை, எந்த வேலைக்கும் தடையில்லை என்று சான்று கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும், சில மருந்துகளை, குறிப்பாகப் புற்றுநோய்க்குத் தரும் இரினோடெக்கானைக் கழிப்பதற்கும் இதே நொதி வேண்டும் என்றும் சொன்னார்.

வயிற்று உப்புசத்தை அவர் முற்றிலும் தனியாக வைத்தே பேசினார். இரவு வேலையில் எத்தனை டீ என்று கேட்டார். தம்பி ஐந்து என்றான், நான் அவனைப் பார்த்தேன், எட்டு என்றான். இரவு மூன்று மணிக்குப் பஜ்ஜியும், வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டச் சோறும், உடனே படுக்கையுமாக இருந்தால் ஏப்பம் வராமல் என்ன வரும் என்று சிரித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இப்போது வேறொரு கேள்வி. அம்மா அப்பாவின் பழைய பெட்டியைத் திறந்து, 1997ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் டோட்டல் 2.8, டைரக்ட் 0.4, எஸ்ஜிபிடி 22 என்று மங்கிய மையில் இருக்கிறது. அந்த ஆண்டு அப்பாவுக்குக் காமாலை என்று சொல்லி ஆறு மாதம் உப்பும் எண்ணெயும் இல்லாமல் சமைத்துப் போட்டதாகவும், அவர் பதினோரு கிலோ இளைத்துவிட்டதாகவும் அம்மா சொல்கிறார். அந்தப் பத்தியம் தேவைப்பட்டதா என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

பதில் 5: தண்டையார்பேட்டை லேப்

ஒரு பழைய சீட்டை வைத்து முடிவாக எதுவும் சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த எண்கள் உங்கள் தம்பியின் எண்களைப் போலவே இருக்கின்றன. எஸ்ஜிபிடி 22 என்றால், ரத்தம் எடுத்த அன்று கல்லீரல் அழற்சி இருந்ததற்கான அடையாளம் அதில் இல்லை. அன்று பெரும்பாலான வீடுகளில் கொடுத்த பத்தியத்தைத்தான் அம்மாவும் கொடுத்திருக்கிறார். அது தேவைப்பட்டிருக்காது என்பதே என் எண்ணம். உணவு குறைந்ததால் எண் இறங்காமலேயே நின்று, எண் இறங்காததால் பத்தியமும் நீண்டிருக்கலாம்.

அந்தச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒளிநகல் எடுத்துத் தம்பியின் கோப்பில் வையுங்கள், பழைய மை இன்னும் மங்கிவிடும். ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதால் உங்களுக்கும் இது இருக்க வாய்ப்புண்டு. எப்போதாவது பரிசோதனைக்குப் போனால், பட்டினியாகவா சாப்பிட்டுவிட்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். சர்க்கரைக்கும் சேர்த்துப் பட்டினியாக எடுக்கச் சொல்லியிருந்தால், காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். பதினொரு மணி வரை வரிசையில் நிற்க வேண்டாம்.